மேக்கில் ஓடிய ரயில்

மாமனாரின் லேப்டாப் வாஷிங் மெஷின் மேலிருந்து ஊறவைத்த துணி வாளிக்குள் விழுந்தபோது வீட்டில் மாப்பிள்ளை மட்டும்தான் இருந்தான். அதை அங்கே கொண்டுபோய் வைத்த புண்ணியவானும் அவனேதான். புத்தக அட்டை வடிவமைப்பது அவன் தொழில். அச்சுக்கு அனுப்புவதற்கு முன் மாதிரித் தாள்களைச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பிப் பார்க்கும் வியாதி அவனுக்கு உண்டு. இடம் போதவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கி மெஷின் மேல் வைத்தான். மெஷின் துணி பிழியும் கட்டத்துக்கு வந்து குதியாட்டம் போட்டது. இவன் எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் மாமனார் ஆஸ்பத்திரியில் வலது கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். துணைக்கு மகள் போயிருந்தாள், அதாவது இவன் மனைவி. மறுநாள் காலை இருவரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு லேப்டாப்புக்கா இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். மாமனார் ஒருகாலத்தில் ரயில் ஓட்டியவர். கண் பரிசோதனையில் தேறவில்லை என்று அவரை இஞ்சினிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை ஏதோ ஓர் அறையில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் வாயைத் திறப்பதே இல்லை. பேசாததற்கெல்லாம் சேர்த்துவைத்து லேப்டாப்பில் ரயில் ஓட்டினார். விண்டோஸில் மட்டும் ஓடுகிற ஒரு விளையாட்டு அது. தண்டவாளம், சிக்னல், பிளாட்பாரம் எல்லாம் அசலைப் போலவே இருக்கும். பிறகு இரண்டு கண்ணிலும் புரை மூடி, அந்தத் திரையில் சிக்னல் தெரிவதும் நின்றுபோனது.

ஆபரேஷனுக்கு அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் மகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஒரு நிபந்தனையோடுதான் தலையாட்டினார்.

"முதல்ல ஒரு கண்ணு பண்ணட்டும். வீட்டுக்கு வந்து என் வண்டியை ஓட்டிப் பார்ப்பேன். ஓட்ட முடிஞ்சா அடுத்த கண்ணு. முடியலேன்னா அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட கண்ணுங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

இரண்டாவது கண்ணை ரொம்பத் தள்ளிப்போட முடியாது, அப்புறம் அந்தக் கண்ணில் பார்வை மொத்தமாகவே போய்விடும் என்று டாக்டர் மகளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஆகவே வாளிக்குள் விழுந்தது வெறும் லேப்டாப் இல்லை.

ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இருக்கிற விஷயங்களை வேண்டுமானால் வேறொன்றில் ஏற்றித் தருகிறேன், பெட்டி இனி பெட்டிதான் என்றார். வேறு லேப்டாப் வாங்கி வைக்கலாம் என்றால், மாமனாருக்குத் தன் லேப்டாப்பின் ஒவ்வொரு கீறலும் அத்துப்படி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், மனைவி கணக்கு டீச்சர். எந்த வரியில் தப்பு ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். சாயங்காலம் போனில் பேசும்போதே, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று மென்று விழுங்கினான்.

மிச்சம் இருந்தது அவனுடைய ஆப்பிள் மேக் ஒன்றுதான். அட்டை வேலைக்காக வாங்கிய, பெரிய திரை வைத்த மேஜை கம்ப்யூட்டர். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த அந்த விண்டோஸ் விளையாட்டை மேக்கில் எப்படி ஓட்டுவது என்று இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வழி சொல்லியிருந்தார்கள். மேக்குக்குள்ளேயே ஒரு விண்டோஸைக் குடிவைக்கலாம் என்றார் ஒருவர். வைத்துப் பார்த்தான். ரயில் நத்தையாக ஊர்ந்தது. நடுவில் ஒரு துபாஷி மென்பொருளைப் போடலாம், விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை அது மேக்குக்குப் புரிகிறமாதிரி சொல்லும் என்றார் இன்னொருவர். அதையும் போட்டான். முதலில் கறுப்புத் திரையில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு படம் வந்தது, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. எதையோ நீக்கி, எதையோ மாற்றி, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சி உட்கார்ந்திருக்கையில், திடீரென்று ரயில் பிளாட்பாரத்தை விட்டு ஜம்மென்று கிளம்பியது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வண்டி ஓடுகிறதா என்று பார்த்தானே தவிர, நிற்கிறதா என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

காலையில் மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். சாப்பிட்டு முடித்ததுமே லேப்டாப்பைக் கேட்டார். மாப்பிள்ளை தயாராக வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டான். சின்னத் திரையை உற்றுப் பார்த்தால் புதுக் கண்ணுக்கு ஆகாது என்பதால் விளையாட்டை என் பெரிய கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டேன், லேப்டாப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றான். அவன் மனைவி அவனைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை அவனால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்காக எவ்வளவு யோசித்திருக்கிறான் மனுஷன் என்று அவள் நினைக்கிறாள்.

கண் கூசும் என்பதால் ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடி, விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மாமனார் உட்கார்ந்தார். மேஜை சுவரை ஒட்டி இருந்தது. மேக்கின் மின்விசிறி பெருமூச்சு விட ஆரம்பித்தது. வண்டி கிளம்பியது. அவர் முதுகு நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து மாப்பிள்ளை பார்த்தான். படம் நடுவில் ஒருமுறை திக்கியது, அவனுக்கும் மூச்சு திக்கியது. மகள் கதவருகே கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அரைமனசாகக் கிளம்பிப் போனாள். அந்தச் சமயம் பார்த்துப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. அட்டையின் சிவப்பு போதாதாம், அதைப் பற்றிப் பேச பால்கனிக்குப் போனான்.

திரும்பி வந்தபோது மாமனார் எழுந்து நின்றிருந்தார். போதும் மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். திரை மங்கிக் கிடந்தது. கண் கூசியதால் குறைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து இவன் வெளிச்சத்தைக் கூட்டினான். சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டீர்கள் என்ற அறிவிப்பு திரையில் நின்றது. படம் திக்கியதால் வந்த வினை என்று தன்னையே நொந்துகொண்டான்.

அதற்குப் பிறகு மாமனார் அந்த மேஜைப் பக்கம் வரவில்லை. பேப்பரைத் தொடவில்லை, டிவியைப் போடவில்லை. மகள் சொட்டு மருந்து விடும்போது மட்டும் முகத்தை அண்ணாந்து காட்டினார். இரண்டாவது கண்ணுக்கு எப்போது வருகிறீர்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். மகள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று அவளுக்கு நினைப்பு.

மாப்பிள்ளைக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. குட்டு உடைந்துவிட்டது. லேப்டாப் போன விஷயம் எப்படியோ மாமனாருக்குத் தெரிந்திருக்கிறது, அந்தக் கோபத்தில்தான் மனுஷர் கண்ணையே பணயம் வைக்கிறார். பரண் மேல் பழைய போர்வைக்குள் சுற்றி வைத்திருந்த லேப்டாப்பை ஏறிப் பார்த்தான். வைத்தது வைத்தபடியே இருந்தது. அப்படியும் சமாதானமாகவில்லை. சோறு இறங்கவில்லை. மாமனாரின் அறைக்குள் அங்குமிங்கும் நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இதோ வெளியே வந்து கேட்கப்போகிறார் என்று எழுந்து நின்றான். அவர் வெளியே வரவேயில்லை. நடை மட்டும் நின்று நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே எதிலோ இடித்துக்கொள்ளும் ஓசையும் வந்தது.

ஒரு நாள் மனைவி பள்ளிக்கூடம் போனதும், எது வந்தாலும் வரட்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்று துணிந்து, காப்பியை எடுத்துக்கொண்டு போனான். அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

உள்ளே மாமனார் நடந்துகொண்டிருந்தார். கண்ணாடி போடவில்லை, இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார். இடது கை சுவரைத் தடவியபடி வந்தது. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் போய், கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்து, திரும்பி வரும்போது நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டார். வலியில் முகம் சுளித்தார், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி கட்டிலுக்கே போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் காப்பி டம்ளர் கதவில் இடித்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் கண்ணைத் திறந்தார்.

"பழகிக்கிறேன் மாப்பிள்ளை" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவர் குரல். "மொத்தமா போறதுக்கு முன்னாடியே பழகிட்டா, அவளுக்கு என்னால தொந்தரவு இருக்காது."

"என்ன மாமா சொல்றீங்க? ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சுதே."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"முடியலை. உத்துப் பார்த்தா இருட்டுது. அன்னிக்கு வண்டி நல்லாத்தான் போச்சு. தூரத்துல சிவப்பு சிக்னல் பளிச்சுனு தெரிஞ்சுது. எத்தனை வருஷம் கழிச்சு அப்படித் தெரியுது, எனக்கு அழுகையே வந்துடுச்சு. பிரேக் போட்டேன். போடப் போட இருட்டிக்கிட்டே வந்துச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா. கடைசியில சிக்னலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. வண்டியும் நிக்கலை. அவகிட்ட சொல்லிடாதீங்க. அவதானே அடம் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா, தாங்கமாட்டா."

மாப்பிள்ளை அப்படியே நின்றான். போடப் போட இருட்டியது.

"பிரேக்குக்கு எந்த பட்டன் மாமா?"

"மேல் வரிசையில எஃப் ஒண்ணு. அதுக்கென்ன இப்போ?"

காப்பியை அப்படியே தரையில் வைத்துவிட்டு, மாமனாரின் கையைப் பிடித்துக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே வந்து மேக்கின் முன்னால் உட்கார வைத்தான். மரியாதை, கூச்சம் எதுவும் அப்போது ஞாபகம் இல்லை. திரைச்சீலைகளை ஓரம் வரைக்கும் தள்ளினான். அறை முழுக்க வெயில் வந்து விழுந்தது. விளையாட்டைத் திறந்து ரயிலைக் கிளப்பினான்.

"இப்ப பிரேக் போடுங்க மாமா."

அவர் விரல் தயங்கித் தயங்கி அந்தப் பட்டனைத் தொட்டது. திரை ஒரு படி மங்கியது. இன்னொரு தட்டு, இன்னொரு படி. அவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் காயும் துணி தெரிந்தது. கொடியில் மாட்டியிருந்த கிளிப்பின் நிறம்கூடத் தெரிந்தது. மறுபடி திரையைப் பார்த்தார். அங்கே மட்டும் இருட்டு.

மேக்கில் அந்தப் பட்டனுக்கு வேலையே திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதுதான் என்றான் மாப்பிள்ளை. விளையாட்டுக்குப் போகவேண்டிய பிரேக்கை மேக் நடுவழியிலேயே பிடுங்கித் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர் சிக்னலைப் பார்த்ததும் சரி, பிரேக் போட்டதும் சரி. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வேகத்திலேயே மிச்சத்தையும் கொட்டிவிட்டான்: மேஜை முழுக்கப் பரப்பிய தாள்கள், வாஷிங் மெஷின், வாளி, பரண், தொண்டைக்கட்டு. தன் தலையில் குட்டு விழுமே என்று தான் பயந்துகொண்டிருந்த நாளெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் இந்த மனுஷர் குருடராக வாழப் பழகிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கையில் அவனுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. மன்னிச்சிடுங்க மாமா என்றான்.

மாமனார் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கப் போனார். கண்ணில் கை வைக்கக் கூடாது என்று மகள் சொன்னது ஞாபகம் வந்து கையைக் கீழே இறக்கினார்.

மாப்பிள்ளை அமைப்புகளுக்குள் போய், மேல் வரிசைப் பட்டன்கள் விளையாட்டுக்கே போய்ச் சேரும்படி மாற்றிவிட்டான். இந்த முறை நிற்கிறதா என்று தானே போட்டுப் பார்த்தான். நின்றது. பிறகுதான் அவர் கைக்குக் கொடுத்தான். வண்டி கிளம்பியது. தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் மாமனாரின் விரல் எஃப் ஒன்றின் மேல் அழுந்தியது. திரை மங்கவில்லை. வண்டி தளர்ந்து, குறைந்து, சிக்னலுக்கு முன்னாலேயே மெத்தென்று நின்றது. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. அது பச்சையாகும் வரைக்கும் மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேப்டாப் விஷயம் அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியாது மாமா. இன்னைக்கு வந்ததும் சொல்லிடறேன்."

"வேண்டாம். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி இந்தக் கண்ணுக்குத் தேதி வாங்குங்க" என்று இடது கண்ணைக் காட்டினார். "அது முடிஞ்சு கட்டுப் பிரிச்ச அப்புறம் அவகிட்ட சொல்லுங்க."

"எதுக்கு மாமா அதுவரைக்கும் காத்திருக்கணும்?"

மாமனார் வண்டியைக் கிளப்பினார்.

"நீங்க அவகிட்ட சொல்லும்போது உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு ரெண்டு கண்ணாலயும் பார்க்கணும் மாப்பிள்ளை."