நகக்கண்ணில் கறுப்பு

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். சிவகாசிப் பக்கம் தீபாவளிப் பட்டாசு சீசன் சூடு பிடித்திருந்தது. அந்தப் பக்கத்து ஆமத்தூர்க்காரியான நான், பியூலா, அப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆனைக்குட்டத்திலிருந்து செல்வலட்சுமி தன் ஏழு வயது மகள் எழிலைக் கூட்டி வந்திருந்தாள். பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் அந்தப் பிள்ளைக்கு இதயத்தருகே மூடவே இல்லை. தொடை வழியாகக் கம்பி விட்டு அதை அடைக்க வேண்டும்.

மயக்க டாக்டர் சென்னைக்காரர், பொறுமைசாலி. "ரெண்டு வழி இருக்கும்மா. லேசா ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம். மூச்சு அவளே விடுவா, சீக்கிரம் எழுந்திருவா. இல்லேன்னா முழு மயக்கம். தொண்டையில குழாய் போட்டு மெஷின் மூச்சு கொடுக்கும். நெஞ்சு சுத்தமா இருந்தா முதல் வழியே போதும். இருமல் உண்டா? வீட்ல தூசி, பட்டாசு மருந்துப் பொடி ஏதாவது? அப்படி இருந்தா நடுவுல தொண்டை இறுகிக்கும்."

"இல்லீங்க சார். பிள்ள பள்ளிக்கூடத்துக்குத்தான் போறா."

பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. எழிலின் நகக்கண்களைப் பார்த்தேன். கறுப்பு. கரிமருந்தில் நூலைத் தோய்த்துப் பட்டாசுத் திரி செய்யும் வீட்டுப் பிள்ளைகளின் கை அது. பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறார்களா என்று சோதனைக்கு யார் வந்தாலும் சொல்ல வேண்டிய பதிலைத்தான் செல்வலட்சுமி சொல்லியிருந்தாள். சிறு வயதில் என் அம்மாவும் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அன்றைக்கென்று மூச்சில் ஓர் இழுப்புச் சத்தமும் இல்லை. செல்வலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் வீட்டுக்குப் போலீஸ் வரும். பெரிய உபகாரம் செய்கிறவள் மாதிரி நான் வாயை மூடிக்கொண்டேன்.

லேசான மயக்கமே போதும் என்று முடிவாயிற்று. கம்பி பாதி தூரம் போவதற்குள் பிள்ளைக்குத் தொண்டை இறுகிவிட்டது. உதடு நீலம் பாரித்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, அவசர அவசரமாகக் குழாய் போட்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அடைக்க வந்ததை அடைக்கவில்லை.

மறுநாள் எழில் கண் விழித்தாள். டாக்டர் அவள் விரலைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல என்னம்மா வேலை செய்வே?"

குழாய் போட்ட தொண்டை புண்ணாகியிருந்தது. ஆனாலும் கரகரத்த குரலில் ஒப்பித்தாள்: "வேலை ஒண்ணும் செய்யல சார். பள்ளிக்கூடத்துக்குத்தான் போறேன். மூணாம் வகுப்பு."

ஒரு சொல் பிசகவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய் சார். அது கரிமருந்து. வீட்டுல திரி போடுறாங்க. எனக்கு நேத்தே தெரியும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அதற்குள் செல்வலட்சுமி முந்திக்கொண்டாள்.

"நான் படிக்காத சிறுக்கி, பயந்துபோய்ப் பொய் சொன்னேன். நீங்க நர்ஸுக்குப் படிச்சவுக. தெரிஞ்சுக்கிட்டே எம்பிள்ளய எப்படி உள்ள அனுப்புனீக?"