கயிறு சுற்றும் பக்கம்

எங்கள் பட்டறைக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மின்சாரம். இரும்பு கடையும் லேத் ஓட மூன்று ஃபேஸ் வேண்டும். மின்சார சபையில் போய்க் கேட்டால் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவா என்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில் பிறந்தவனிடம் காணி உறுதி கேட்கிறவர்களை என்ன சொல்வது? அதனால் ஹட்டனில் பழைய மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றை வாங்கி வந்து மின்சாரத்துக்கும் லேத்துக்கும் இடையில் வைத்தேன். ஒருவர் அதில் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். சுழலும்போதே இன்னொருவர் சுவிட்சைப் போட வேண்டும். அந்த மோட்டார் ஓடினால் லேத்தும் ஓடும். கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கம்தான் எல்லாம் சுழலும்.

எப்போதும் கயிறு என்னுடையது, சுவிட்ச் என் மனைவி சுலக்ஷனாவுடையது. ஒரு நாள் மாறி நின்றோம். அவளுக்கு இடது கைப் பழக்கம். கயிற்றையும் அப்படியே சுற்றினாள். லேத் தலைகீழாக ஓடியது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கனத்த சக், மரை கழன்று என் வலது கையில் விழுந்தது. மூன்று விரல்கள் போயின.

"பீச்சாங்கைக்காரிய உள்ள விட்டா இப்புடித்தான்," என்று அம்மா லயத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

அதற்குப் பிறகு சுலக்ஷனா பட்டறைக்கு வரவில்லை. எனக்கு யார் மீதாவது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டுப் போட்ட கையைப் போல மனமும் மரத்துப் போயிருந்தது. நான் இடது கையால் சோறு தின்றேன். அதைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

"கொழும்புல ஒரு கடையில வேலை இருக்காம். நான் போறேங்க," என்றாள் சுலக்ஷனா.

"சரி."

"வேணாம்னு ஒரு வார்த்தை வராதா ஒங்களுக்கு?"

வரவில்லைதான். எழுந்து பட்டறைக்குப் போனேன். ஸ்குரூ டிரைவரை இடது கையில் பிடித்து, நழுவ நழுவ ஒரு வேலையை முடித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"வந்து இழு."

"சோத்துக்கையால இழுக்கப் பழகிக்கிறேங்க."

"ஒன் கையாலயே இழு."

"அது தப்பான பக்கம்ங்க!"

"இழு புள்ள."

இழுத்தாள். சுவிட்சைப் போட்டேன். லேத் சரியான பக்கமே சுழன்றது.

அவள் லேத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"லேத்துக்குப் போற ரெண்டு வயர மாத்திட்டேன். இனிமே அம்மா இழுத்தாத்தான் தலைகீழா ஓடும்."

கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதாள். போகாதே என்று அப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை. சுவிட்சை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.