எந்த ஊர்ப் பத்து மணி

1

காலம், எவராலும் துண்டாட முடியாத பெருநதி.

(எழுதியதும் எனக்கே புல்லரித்தது. நிமிர்ந்து பார்த்தால் சுவர்க் கடிகாரமும் என் கைக்கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. நதி இருக்கட்டும். கதை என்னுடையதல்ல, மென்பொருள் எழுதும் ஒருவன் வேலையை விட்டுப்போனபின் அவன் நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்னது.)

2

அலுவலகத்தில் அவன் பெயர் சிக்கனம். தரவுத்தளத்தில் ஒரு பத்தி உபரியாக இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. மருத்துவமனைச் செயலி அவன் கைவேலை: தூரத்திலிருக்கும் உறவினர் நேரம் பதிந்தால், நோயாளியின் கட்டிலருகே உள்ள திரையில் வந்து பேசலாம். பதியும் நேரத்தையெல்லாம் உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்தான். எந்த ஊர் நேரம் என்ற பத்தியைத் தூக்கிவிட்டான்.

“உலகத்துக்கே ஒரே நேரம் போதும்” என்று கூட்டத்தில் முழங்கினான். கைதட்டினார்கள்.

3

வெளிநாட்டிலிருந்த அவன் அக்கா, அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு முன் பேச, அப்பா இருக்கும் ஊர்க் கணக்கில் காலை பத்து மணியைப் பதிந்தாள். இடையில் அப்பாவின் ஊர் அரசாங்கம், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க, கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. சேமித்த எண் அசையவில்லை. அங்கே அது பதினொன்றாகிவிட்டது. எந்த ஊர் என்று தெரிந்திருந்தால் செயலி தானே திருத்திக்கொண்டிருக்கும்.

பத்து மணிக்குச் சிக்கனம் கட்டிலருகே நின்றான். அவன் கைபேசி வார்டு வாசலில் காவலாளியிடம். அப்பாவின் கண்களில் ஒரு யுகத்தின் ஏக்கம்—

(வேண்டாம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். திரை இருட்டாக இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.)

“வந்துட்டாளா?”

“தூங்கியிருப்பாப்பா. விடுங்க.”

“அவ எப்பவும் அப்படித்தான்.”

தள்ளுவண்டி வந்து அழைத்துப் போனது. அவர் உயிரோடு திரும்பவில்லை. பதினொன்றுக்குத் திரையில் தோன்றிய அக்கா, படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்த பணியாளரைப் பார்த்தாள்.

4

மாலைக்குள் வேறு குடும்பங்களின் புகார்கள் வந்து சேர, சிக்கனத்துக்கு விஷயம் விளங்கியது. அதன்பிறகுதான் அக்கா கூப்பிட்டாள்.

“நான்தான்டா மணியைத் தப்பாப் பார்த்துட்டேன். அப்பா என்னைக் கேட்டாரா?”

“கேட்கலைக்கா. நீ அசதியில இருந்திருப்பே.”

(முடிவு ஒன்று: அவன் உண்மையைச் சொல்கிறான். நான்கு முறை எழுதினேன். அவன் வாய்க்கு ஒட்டவே இல்லை. முடிவு இரண்டு: அக்காவே கண்டுபிடிக்கிறாள். எப்படி? அவள் தையற்கடை வைத்திருப்பவள், அவளுக்குத் தன்மேல்தான் சந்தேகம். முடிவு மூன்று உங்களுடையது. அவளை எங்காவது பார்த்தால் சொல்லுங்கள், எனக்குத் தைரியமில்லை.)

அந்தச் செயலிக்கு அக்கா ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள். தம்பி கேட்டிருந்தான்.