நாற்பத்திரண்டு ‘சரி’

தெக்லா கூட்டிய கூட்டத்துக்கு எங்கள் தெருவிலிருந்து நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் ‘சரி’ என்றார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

தெக்லா திபிலிசியிலிருந்து தாஷ்கண்டுக்கு நகரத் திட்டமிடல் படிக்க வந்தவள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் ஊரை வளர்ப்பது எப்படி என்று இரண்டு வருஷ மேல்படிப்பு. எங்கள் வீட்டு மேற்கு அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரு பழைய தெருவை எடுத்து, குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டு, அதைப் புதிதாக வரைந்து கொடுக்க வேண்டும் என்பது இந்தப் பருவத்து வேலை. வேறு தெருவைத் தேடுவானேன் என்று எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டாள்.

அவள் வரைந்ததில் எங்கள் தெரு எனக்கே அடையாளம் தெரியவில்லை. கார்கள் முனையோடு நின்றுவிட்டன. சைக்கிளுக்குத் தனிப் பாதை. இருபுறமும் பாப்லர் மரங்கள். நான்கு இடத்தில் பெஞ்சு. வீடுகளுக்கு முன்னால் ஓடும் வாய்க்காலுக்குக் கான்கிரீட் மூடி போட்டு, அதன்மேல் நடைபாதை. மூடிதான் அவளுக்கு உயிர். அதற்கு மட்டும் பதினோரு பக்கம் எழுதியிருந்தாள்.

கூட்டத்தில் எங்கள் மஹல்லாவின், அதாவது பேட்டையின், தலைவர் எர்காஷ் மாமா எழுந்து, “ரொம்ப அழகா இருக்கு மகளே, கை வலிக்கப் போட்டிருக்கே” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு பலாவ் சோறு வந்தது. தெக்லா மூன்று தட்டு சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி ஆச்சு?” என்றாள் அம்மா.

“புரொஃபசர் திருப்பிக் குடுத்துட்டாரு அக்கா. முப்பது வருஷத்துல ஒரு தெரு முழுக்க ஒரே பேச்சா ‘சரி’ சொல்லி நான் பார்த்ததில்லை, நீ கூட்டம் போட்டியா, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தியான்னு கேக்கறாரு.”

“ஜனங்க ஒத்துக்கிட்டா அவருக்கென்ன நோவு?”

“யாருமே மறுக்கலைன்னா யாருமே படிக்கலைன்னு அர்த்தமாம். திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள உண்மையான ஆட்சேபனைங்களோட வரணும். இல்லேன்னா ஃபெயில். ஃபெயிலானா உதவித்தொகை கிடையாது. ஏப்ரல்ல ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனாள். வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். பேசுவதற்கு அவள், பிடிப்பதற்கு நான். போன இடமெல்லாம் டீ, ரொட்டி, செர்ரி ஜாம். “ஏதாவது குறை சொல்லுங்களேன்” என்று கெஞ்சினாள். “குறையா? உனக்குத்தான் உடம்பு இளைச்சுப்போச்சு, இன்னொரு துண்டு எடுத்துக்கோ” என்றாள் ஹுர்ஸனாய் அக்கா.

பக்கத்து வீட்டு ஸாபித் அண்ணனிடம் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அவர் வாசலில் நிறுத்தும் சின்ன வேனில்தான் சந்தைக்குக் காய்கறி போகிறது. இந்தத் திட்டத்தில் அந்த வேனுக்கு இடமே இல்லை. அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். காது சிவந்தது.

“நல்லா இருக்கு தங்கச்சி” என்றார்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். அரை மணி நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியிடம் கத்துவது கேட்டது. “வண்டிய எங்கடி நிறுத்துவேன், உங்கப்பன் தலை மேலயா?”

“கேக்குதா?” என்றேன் தெக்லாவிடம். “உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. நீங்க விருந்தாளி. விருந்தாளி கேட்டு இல்லைன்னு சொன்னா எங்க தெருவுல அசிங்கம்.”

தெக்லா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “எங்க ஊர்லயும் அதேதான்! எங்கப்பா விருந்தாளி கேட்டா கதவைக் கூடக் கழட்டிக் குடுத்துடுவாரு. விருந்தாளி நான்தான்கறது எனக்கு உறைக்கவே இல்லை பாரேன்.” சிரிப்பு அடங்கியதும், “இப்ப நான் எப்படி விருந்தாளி இல்லாம ஆகறது?” என்றாள்.

மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “விருந்தாளிய யாரும் வேலைக்கு விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஹஷர். என் ரப்பர் பூட்ஸ் உனக்குச் சரியா இருக்கும்.”

ஹஷர் என்றால் கூட்டு உழைப்பு. நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தைய ஞாயிறு தெருவே ஒன்றுகூடி வாய்க்கால் தூர்வாருவோம். வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அன்று தெக்லா பூட்ஸும் மண்வெட்டியுமாக வாய்க்காலில் இறங்கியதும் தெரு பதறியது.

“ஐயய்யோ மகளே, மேல வா! டீ போட்டாச்சு, அங்க போய் உட்காரு” என்றார் எர்காஷ் மாமா.

“வேலை முடிஞ்சதும் குடிக்கிறேன் மாமா.”

இரண்டு பேர் மண்வெட்டியைப் பிடுங்க வந்தார்கள். அவள் விடவில்லை. ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் வாரினாள். வாரிய சேற்றை எங்கே போட வேண்டும் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. நாங்கள் தெருப்பக்கம் போட்டோம். அவள் வீட்டுப்பக்கம் போட்டாள். எர்காஷ் மாமா பண்டிகைக்காகக் காலையில்தான் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்த சுவரில் கருப்புச் சேறு சளப் சளப்பென்று விழுந்தது.

“ஏய்! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?” என்று அலறினார் எர்காஷ் மாமா. “ஊரையே வரையறா, சேத்தை எங்க போடறதுன்னு தெரியலை!”

எல்லா மண்வெட்டிகளும் நின்றன. மாமா வாயைப் பொத்திக்கொண்டார். தெக்லாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சேற்றில் ஏதோ தங்கம் கிடைத்துவிட்டது என்று ஹுர்ஸனாய் அக்கா நினைத்தாளாம்.

“மன்னிச்சுக்கோங்க மாமா, சுவருக்கு நானே சுண்ணாம்பு அடிச்சுத் தரேன். என் வரைபடத்துலயும் இப்படி ஏதாவது தப்பு இருக்கா?”

மாமா தயங்கினார். ஸாபித் அண்ணன் தயங்கவில்லை.

“இருக்கே! என் வண்டிய என்ன, மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கவா?”

“அதானே! பெஞ்சை என் ஜன்னலுக்குக் கீழ போட்டிருக்கா” என்றாள் ஹுர்ஸனாய் அக்கா. “பொழுதன்னைக்கும் ஆம்பளைங்க அங்க உக்காந்து சீட்டாடுவானுங்க.”

“நீ ஜன்னலைச் சாத்திக்க” என்றார் ஸாபித் அண்ணன்.

“உன் வாயைச் சாத்து!”

“பாப்லர் வேணவே வேணாம், மே மாசம் பஞ்சு பறந்து தும்மியே சாவோம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் ஓடிப்போய்க் காகிதம் எடுத்துவந்தேன். தெக்லாவின் கை முழுக்கச் சேறு. எழுத வேண்டியவள் நானானேன்.

கடைசியில் எர்காஷ் மாமா மூடிக்கு வந்தார். “வாய்க்காலை எதுக்கு மூடறே? மூடிட்டா இன்னிக்கு மாதிரி யாரு வாருவாங்க?”

தெக்லா விட்டுக்கொடுக்கவில்லை. “திறந்து கிடந்தா குழந்தைங்க விழுது மாமா! குப்பை விழுது!”

“விழட்டும், எந்திரிக்கும். நானும் விழுந்துதான் வளர்ந்தேன்.”

“அது பாத்தாலே தெரியுது” என்றாள் ஹுர்ஸனாய் அக்கா.

“ஜூலை மாசம் இங்க இருந்திருக்கியா நீ?” என்றாள் அம்மா. அதுவரை அவள் பேசவே இல்லை. “சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுலயும் பக்கெட்டை இதுல முக்கி வாசல்ல தெளிச்சாத்தான் ராத்திரி மூச்சு விட முடியும். மூடி போட்டா தண்ணிக்கு உங்க புரொஃபசர் வீட்டுக்கா போறது?”

தெக்லா வந்தது அக்டோபரில். எங்கள் கோடை அவளுக்குத் தெரியாது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். “பதினோரு பக்கம்” என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி, “எழுதிக்கோ” என்றாள்.

மொத்தம் முப்பத்தொரு ஆட்சேபனைகள். பதினேழாவது என்னுடையது. கூட்டத்தில் சொல்லக் கூச்சம். எழுதுவது நான்தானே, நடுவில் நுழைத்துவிட்டேன். விளக்குக் கம்பத்தை எங்கள் முற்றத்துக்கு நேராகப் போட்டிருந்தாள். கோடையில் நாங்கள் அங்கேதான் படுப்போம்.

திங்கட்கிழமை மதியம் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். தெக்லா படியிலிருந்து குதித்தாள்.

“பாஸ்! பதினோரு பக்கத்தையும் புரொஃபசர் தன் கையாலயே கோடு போட்டு அடிச்சுட்டு, ‘இப்பதான் தெரு தெரியுது’ன்னாரு. மே மாசத்துக்குள்ள திறந்த வாய்க்காலோட திரும்ப வரையணும்.”

இருவரும் ஏறக்குறைய ஓடினோம். தெருமுனையிலேயே கூச்சல் கேட்டது. ஸாபித் அண்ணன் வேன் குறுக்கே நின்றது. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். தரையில் யாரோ சுண்ணாம்பால் பெஞ்சுக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். ஹுர்ஸனாய் அக்கா அதைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டிருந்தாள்.

“பாஸாயிட்டேன்!” என்று கத்தினாள் தெக்லா.

யாரும் திரும்பவில்லை.

“வந்துட்டியா? எங்க போய்த் தொலைஞ்சே காலையிலேர்ந்து?” என்றார் எர்காஷ் மாமா. “இங்க வா. வண்டிக்கு ரெண்டு மீட்டர் விட்டா போதுமா, மூணு மீட்டர் வேணுமா? இவன் மூணுங்கறான், இவனுக்குக் கணக்கும் தெரியாது, வண்டியும் ஓட்டத் தெரியாது.”

“மூணு மீட்டர் விட்டா மரம் எங்க வைக்கறது மாமா?” என்று கேட்டபடி தெக்லா பையை என்னிடம் எறிந்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள்.