எதிர் நிரை

கோடை மழை இரண்டு விழுந்தால் போதும், பூப்பாறைக்கு மேலே அந்த எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். எடுக்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைச் செடி. முதலில் முடித்தவள் சும்மா நிற்கமாட்டாள். தன் வீட்டாள் நிரையின் மறுமுனையில் இறங்கி எதிரே எடுத்து வருவாள். அழகுத்தாயும் அக்கா முத்துப்பேச்சியும் அப்படித்தான் நடுவில் முட்டிக்கொள்வார்கள். முந்தியவள் மற்றவள் தலையில் ஒரு கொழுந்தைச் செருகிவிடுவாள். அந்தச் சிரிப்பு மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில் போடியிலிருந்து அத்தை மகன் சின்னமுத்து சாக்கு சுமக்க வந்தான். எடை போடும் இடத்தில் அழகுத்தாயின் கூடையை மட்டும் இறக்கிவிடுவான். மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்து அவள் கைக்குள் திணிப்பான். அந்த உப்பும் சூடும் நாள் முழுக்க அவள் உள்ளங்கையில் இருக்கும். ஆடி கழியட்டும், மாமாவிடம் உன்னைக் கேட்கிறேன் என்றான்.

அதற்குள் அக்கா கேட்டுவிட்டாள். அப்பா ராக்கப்பன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவ நா இருக்கேன்லய்யா. மொற எனக்குத்தான."

அப்பா மறுக்கவில்லை. சின்னமுத்துவும் மறுக்கவில்லை. அக்காவுக்கு எஸ்டேட்டில் பேர் பதிந்திருந்தது. அவளைக் கட்டினால் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று உண்டு, அவனுக்கும் நிரந்தர வேலை கிடைக்கும். அழகுத்தாய் வெறும் தற்காலிகம். குனிந்த தலை நிமிராமல் தாலி கட்டினான்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே லயம், நடுவில் ஒற்றைச் சுவர். அழகுத்தாய் வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பினாள். அப்பா செத்தபோது பிணத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து அழுதார்கள். அக்கா பிள்ளைகளுக்குச் சித்தி என்ற சொல்லே வாயில் பழகவில்லை. ஆனாலும் கோடை வந்து, தன் நிரை முடிந்ததும், அழகுத்தாயின் கால் தானாக அக்கா பக்கம் திரும்பும். இழுத்துக்கொள்வாள்.

எழுபத்தொன்பதில் பிள்ளை பெற்றுத் திரும்பிய முத்துப்பேச்சிக்குக் கை ஓடவில்லை. சங்கு ஊதுமுன் நிரை முடியாவிட்டால் அரைப்பேர்தான், பாதிக் கூலிதான் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் அழகுத்தாயைப் பார்த்தார்கள். அவள் தன் நிரையை முடித்துக் கீழே இறங்கினாள். வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா நிரையின் மறுமுனையில் செடி அசைந்தது.

நடுவில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"ஒன்ன ஆரும் கூப்பிடலயே," என்றாள் முத்துப்பேச்சி.

"கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்."

மிச்சமிருந்த செடியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கொழுந்தை ஒடித்தார்கள். பிறகு அழகுத்தாய் சொன்னாள்:

"ஒம் புருசன் அப்ப குடுத்த கடலைல பாதி சொத்தைக்கா."

அக்கா நிமிரவில்லை. "எனக்கு அந்தச் சொத்தையுங் கெடைக்கலட்டி."

கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அக்காவின் உச்சி வழுக்கையாகியிருந்ததை அழகுத்தாய் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். செருக இடமில்லை. கையிலிருந்த கொழுந்தை அவள் கூடையில் போட்டாள்.