தாயின் பெயர்

இறந்து பதினான்கு மாதங்கள் ஆன என் மனைவி, சென்ற ஆண்டு முழுவதும் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியிருந்தாள். வரித்துறையின் கடிதம் அப்படித்தான் சொன்னது. கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பித் தரச் சொல்லி, அவள் பெயரில் யாரோ விண்ணப்பித்திருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பதினைந்தாவது நாள் வரி அலுவலகத்துக்குப் போனேன். அவள் இறந்ததை அதுவரை எந்த அலுவலகத்துக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

நகல் கடை வைத்திருக்கும் அவள் தம்பி கூட வந்தான்.

"இவ்ளோ விவரம் அவனுக்கு எப்படிக் கிடைச்சுது மாமா?"

நான்தான் கொடுத்தேன். பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பு. பிறந்த தேதி, வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடை, பெற்றோர் பெயர் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். அவளைப் பற்றி எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன்.

மூன்றாம் கவுண்டரில் இருந்த அம்மா இறப்புச் சான்றிதழைப் பார்த்தார்.

"வாரிசுச் சான்றிதழ்?"

"இல்லை."

"அது இல்லாம இன்னிக்கு நிறுத்த முடியாதுங்க. நாளைக்குப் பணம் போயிடும். உங்க வீட்டம்மாவே வாங்கினதாத்தான் பதிவாகும்."

"செத்தவங்க எப்படி மேடம் வாங்குவாங்க? சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்," என்றான் மைத்துனன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இன்னொரு வழி இருக்கு. இணையத்துல இருக்கற வரிக் கணக்குக்கு அவங்க வச்ச ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னா, கணக்கை இப்பவே பூட்டிடலாம். அவன் ரெண்டு தடவை தப்பாச் சொல்லியிருக்கான். அதனாலதான் உங்களுக்குக் கடிதமே வந்துச்சு. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி."

"என்ன கேள்வி?"

"தாயின் பெயர்."

"எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதா?" மைத்துனன் குனிந்து சொல்லத் தொடங்கினான்.

"தட்டிடாதீங்க மேடம்," என்றேன். "அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்."

"ஆமா. ரெண்டு தடவையும் அதேதான். எழுத்தை மட்டும் மாத்திப் பார்த்திருக்கான்."

அந்தக் கணக்கை அவள் தொடங்கியபோது நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "கேக்கறவங்ககிட்ட எல்லாம் நிஜத்தைச் சொன்னா அப்புறம் எதுக்கு ரகசியம்?" என்றாள். அந்த நேரம் எங்கள் பழைய ஃப்ரிட்ஜ் முனகியது, இருமியது, நின்றது. அதற்கு அவள் வைத்த பெயர் கிழவர். திரும்பி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எதையோ தட்டினாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

"கிழவர்," என்றேன்.

மைத்துனன் என் தோளைப் பிடித்தான். "மாமா, தண்ணி குடிக்கிறீங்களா?"

அந்த அம்மா தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். பச்சையில் ஒரே வரி: பதில் பொருந்துகிறது.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அவளைப் பற்றி நான் ஊருக்குச் சொன்ன அத்தனையும் திருடன் கையில் இருந்தது. அத்தனைக்கும் எதிரே, ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் வாசலை மறித்து நின்றிருக்கிறாள். இரவும் பகலும். நான் வராமலேயே இருந்தபோதும்.

"இந்தப் படிவத்துல காலமானார்னு இருக்கற கட்டத்துல டிக் போடுங்க," என்றார் அந்த அம்மா. "இனிமே அவங்க பேர்ல யாரும் எதுவும் கேக்க முடியாது."

"அந்தப் பதில்?"

"அதுவும் போயிடும்."

வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. நான் பார்த்து முடித்ததும் குறியிட்டேன்.

மைத்துனன் சான்றிதழ் நகலின் குறுக்கே 'வரி அலுவலகத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டான். தொழில் பழக்கம். வெளியே வந்த பிறகுதான் கேட்டான்.

"யாரு மாமா கிழவர்?"

"எங்க ஃப்ரிட்ஜ்."

படி இறங்கி முடிந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"எங்கம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேணாம் மாமா."