சுவரில்லாத வீட்டில் சிக்னல் பெட்டி

பெனிட்டோவாவின் வீட்டில் போன் எடுக்காது. சவாயித் தீவின் அந்தக் கரையில் சிக்னல் வேண்டுமென்றால், தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் சீமைப்பலா மரத்தடிக்குத்தான் போக வேண்டும். அவர் போய்விடுவார். மனைவி ஃபுவாத்தினோவால் முடியாது. கால் வீங்கி, பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆக்லாந்தில் மகள் லெய்ட்டுவுக்குத் தலைப்பிரசவம். சேதி முதலில் தன் காதில்தான் விழ வேண்டும் என்று ஃபுவாத்தினோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அதனால்தான், கலிபோர்னியாவில் வேலை பார்த்தபோது வாங்கிய, மங்கலான சிக்னலைப் பிடித்து வீட்டுக்குள் பெருக்கித் தரும் சிக்னல் பெட்டியை அன்று காலை வெளியே எடுத்தார். அட்டையிலிருந்த படத்தைப் பார்த்துப் பெரிய ஆன்டெனாவைக் கூரைமேலும், சின்னதைக் கீழே தூணிலும் கட்டினார். வீடு என்பது தூண்களும் கூரையும்தான். சுவர் அந்த ஊரில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா, உசிரு வந்துடுச்சு!"

"போன்ல ஒன்னும் வரலையே?"

"சூடாகட்டும்டி."

மதியம் பக்கத்து வீட்டு துயிலோமா வந்தான். "அண்ணே, காலையிலருந்து ஊரு பூரா போன் செத்துக் கிடக்கு. மரத்தடியில கூட இல்ல. கம்பெனிக்கு ஆள் போயிருக்கு."

"டவர் கோளாறா இருக்கும். சிக்னல் வந்ததும் நம்ம பெட்டி கப்புன்னு புடிச்சுக்கும்."

சாயங்காலம் கம்பெனி ஆள் சவுலோ, கையில் ஏதோ கருவியை நீட்டிப் பிடித்தபடி ஊரைச் சுற்றி வந்து, நேராக இந்த வீட்டின் முன்னால் நின்றான்.

"ஐயா, இது எங்க வாங்குனது?"

"அமெரிக்காவுல. அசல் சரக்கு."

"அங்க ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவுல சுவர் இருக்கும். இங்க மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒன்னை ஒன்னு கேட்டுக் கேட்டுக் கத்துது. அந்தக் கத்தல்ல டவருக்குக் காது அடைச்சுப் போச்சு. அலைவரிசையும் நம்ம ஊருக்கானதில்ல."

பெனிட்டோவா மனைவியைப் பார்த்தார். பிடுங்கினால் சேதி முதலில் அவள் காதில் விழ வழியே இல்லை.

"என்னை என்ன பாக்குறீங்க? புடுங்குங்க. பொண்ணு எத்தனை தடவை கூப்ட்டாளோ!"

பிடுங்கினார். சற்று நேரத்தில் மரத்தடிப் பக்கம் வரிசையாக மணிகள் அடித்தன. அங்கே நின்ற துயிலோமா பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினான். அப்பா போன் கிடைக்காமல் லெய்ட்டு அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

"பொம்பளப் புள்ள!"

போதகர் வீட்டில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வீட்டில் யாரோ கைதட்டினார்கள். தடுக்க ஒன்றுமில்லாததால் சேதி வீடு வீடாக நடந்து வந்தது. ஃபுவாத்தினோவை அடைந்தபோது, ஊரில் அதைக் கடைசியாகக் கேட்டவள் அவள்தான்.

அவள் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து, அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: "பொறந்ததும் அழுதுச்சான்னு கேளுங்கடி!"

கேள்வி வந்த வழியே திரும்பிப் போயிற்று.